இரட்டைக் கால நாவலும் தங்கவயலின் ரகசியமும்

கடந்த காலத்துக் கதை ஒன்றையும் நிகழ்காலத்துக் கதை ஒன்றையும் மாறி மாறிச் சொல்லி, இரண்டுக்கும் நடுவே ஒரு சித்திரத்தையோ சிற்பத்தையோ சாட்சியாக நிறுத்தி, ஒரு சிற்றூர் தலைமுறை தலைமுறையாக மூடி வைத்திருந்த ரகசியத்தை வெளிக்கொணரும் சரித்திர மர்ம நாவல், நம்முடைய எழுத்தாளர்கள் சிரத்தையுடன் கைக்கொள்ளத் தக்க வடிவம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் உருவப்படத்தை நோக்கியபடியே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கொலைப் பழியை ஆராயும் போலீஸ் அதிகாரியை 1951-ல் ஜோஸஃபின் டே படைத்தார். அதற்கு முன்னரே, அஜந்தா வர்ணங்களின் அழியாத ரகசியத்துக்காக ஏங்கும் ஆயனச் சிற்பியைச் 'சிவகாமியின் சபத'த்தில் கல்கி நமக்குத் தந்துவிட்டார். ஆகவே கலையும் மர்மமும் நம் நாவலுக்குப் புதிய உறவினர் அல்லர்.

ஆனால் இவ்வடிவத்தில் ஓர் அபாயம் உண்டு. நிகழ்காலத்தில் ஆராய்ச்சி செய்யும் பாத்திரத்துக்கு விடை சொல்வதற்காக மட்டுமே கடந்த காலம் எழுதப்படுமானால், அக்காலத்து மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு வாழ்வில்லாத வெறும் தடயங்களாகிவிடுகிறார்கள். 1931-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் நாயக்கர் காலச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் சித்திரங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அடியில் இருப்பதே உண்மையென்றும் மேலே இருப்பது தடையென்றும் அன்று எவரேனும் முடிவு செய்திருந்தால் ஒரு கலைச் செல்வம் அழிந்திருக்கும். பிற்காலத்து நிபுணர்கள் மேற்பூச்சுச் சித்திரத்தையும் சேதமின்றிப் பிரித்தெடுத்துக் காப்பாற்றினார்கள். இரு காலங்களை எழுதுகிறவனுக்கும் அந்தப் பொறுமையும் சமநோக்கும் வேண்டும்.

இவ்வடிவத்தைப் பரீட்சித்துப் பார்க்கக் கோலார் தங்கவயலைவிடத் தகுந்த களம் கிடைப்பது அரிது. அங்கே பொன் இருப்பதை 'கண்டவர்' என்று 1873-ல் மைசூர் சமஸ்தானத்திடம் சுரங்க உரிமை கேட்ட மைக்கேல் லாவெல்லைச் சொல்வது வழக்கம். ஆனால் 1802-லேயே அப்பகுதிக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரனின் அறிக்கை, உரிகம், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்ததைத் தெரிவிக்கிறது. வெளியூரார் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியது உள்ளூராருக்கு அன்றாடத் தொழிலாயிருந்தது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டன. வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை ஜில்லாக்களிலிருந்தும் வந்து தட்டி வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் சந்ததியார், வேலை போன பின்பும், பொன் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் அருகே அங்கேயே வாழ்கிறார்கள்.

இவ்வூரை வைத்து ஒரு நாவலைக் கற்பித்துக்கொள்வோம். கம்பெனி துரையின் பங்களாவில் கையொப்பமில்லாத ஓர் எண்ணெய்ச் சித்திரம் கிடைக்கிறது. அதைச் செப்பனிடும்போது, வர்ணம் உலருமுன் அதில் பதிந்துவிட்ட ஒரு கட்டைவிரல் ரேகை தென்படுகிறது. ரேகைக்கு உரியவனைக் கண்டுபிடித்தால் மர்மம் தீர்ந்தது என்று சாமான்யமான துப்பறியும் கதை மகிழ்ச்சியடையும். தங்கவயலின் சரித்திரம் அறிந்த நாவலாசிரியனோ அந்த இடத்தில் திடுக்கிட்டு நிற்பான். ஏனெனில் 1930-ல் அவ்வூர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததே தங்கள் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்துத்தான். தங்கத் திருட்டுச் சந்தேகத்தின் பெயரால் சோதனையிடப்பட்டு வந்தவர்கள், குற்றவாளிகளிடம் எடுக்கும் ரேகையைத் தங்களிடமும் எடுப்பதை அவமானமாகக் கருதினார்கள். அத்தொழிலாளி ஒருவனின் பேரன் இன்று நிரூபணமாகத் தேடும் அந்த ரேகையையே பாட்டன் அன்று கொடுக்க மறுத்திருக்கிறான். ஒரே அடையாளம் ஒரு காலத்தில் சாட்சியாகவும் மற்றொரு காலத்தில் இழிவாகவும் நிற்கும் இத்தகைய இடத்தில்தான் இரு கதைகளும் ஒன்றையொன்று விசாரிக்கத் தொடங்குகின்றன. அவ்விசாரணை நிகழாத நாவலுக்கு இரண்டு காலங்கள் எதற்கு?

இன்னொன்றும் நாம் வற்புறுத்த விரும்புகிறோம். சிற்றூரின் ரகசியம் பெரும்பாலும் ஊராருக்கு ரகசியமன்று. சித்திரத்தின் பின்னணியில் முகம் தெளியாமல் நிற்கும் கூலியாள் யாரென்பது லைன் வீடுகளில் வசிக்கும் மூதாட்டிக்குத் தெரிந்திருக்கும்; கம்பெனியின் பேரேட்டில்தான் இராது. தங்கவயல் மக்கள் எழுத்தறியாத மௌன ஜனங்களும் அல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகைக்கு அங்கே வாசகர் கூட்டம் இருந்தது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. பண்டிதர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1926-ல், அப்பாதுரையார் அதே பெயரில் பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். தம்மைப் பற்றித் தாமே அச்சிட்டு வைத்த மக்களை வெளியூர் ஆராய்ச்சியாளன் ஒருவன் வந்து 'கண்டுபிடிப்பதாக' எழுதுவது சரித்திரப் பிழை மாத்திரமன்று, கலைப் பிழையும் ஆகும்.

ஆதலால், 'என்ன நடந்தது' என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், 'தெரிந்திருந்தும் ஏன் எழுதப்படவில்லை, எழுதியது ஏன் வாசிக்கப்படவில்லை' என்ற கேள்வியை நம் மர்ம நாவல்கள் ஏற்கவேண்டும். முந்தைய கேள்விக்குக் கடைசி அத்தியாயம் விடை சொல்லிவிடும். பிந்தையதற்கு விடை தேடும் பொறுப்பில் வாசகனுக்கும் பங்குண்டு. அப்பொறுப்பை அவனிடம் சேர்ப்பிக்கும் கையெழுத்துப் பிரதிகளை, அவற்றின் முடிச்சு எவ்வளவு எளிதாக இருப்பினும், இவ்விதழ் மனமுவந்து வரவேற்கும்.