சுவரை வைத்துத்தான் சித்திரம்

அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இல் மொத்தம் 32 குழுக்கள். அவற்றுள் ஒரு பருவத்தின் பதினாறு ஆட்டங்களிலும் தோற்ற 'சாதனை' இரண்டு குழுக்களுக்கே சொந்தம். முதலாவது, 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ். இரண்டாவது, 2017-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ். ஒன்று கார்த் தொழிலால் வளர்ந்து நலிந்த நகரம். மற்றொன்று எஃகுத் தொழிலால் வளர்ந்து நலிந்த நகரம். ஆனால் 2024 பருவத்தில் லயன்ஸ் 15 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. அதே பருவத்தில் பிரவுன்ஸ் வென்றவை 3, தோற்றவை 14. அடுத்த ஆண்டும் 5 வெற்றி, 12 தோல்வி. ஒரே பள்ளத்தில் விழுந்த இருவரில் ஒருவர் மட்டும் ஏறி வந்தது எப்படி? மற்றவர் இன்னமும் ஏன் பள்ளத்திலேயே கிடக்கிறார்?

நான் பிரவுன்ஸ் ரசிகை. ஆகவே இக்கேள்வியில் எனக்குக் கருத்தும் உண்டு, கோபமும் உண்டு. தமிழ்மொழி மலரில் இந்த ஆட்டத்திற்கு என்ன வேலை என்று கேட்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, மென்செஸ்டர் யுனைடெட்டுக்காக உணவகத்தில் மேசையைத் தட்டும் உரிமை உங்களுக்கு இருக்கிறதென்றால் எனக்கும் இது இருக்கிறது.

2021 ஜனவரி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாமெல்லாம் வீட்டில் முடங்கிக் கிடந்த காலம். அந்த மாதம்தான் பிரவுன்ஸ், பரம எதிரியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை அதன் சொந்தத் திடலிலேயே 48-37 என்று வீழ்த்தியது. 1994 பருவத்திற்குப் பிறகு குழு பெற்ற முதல் பிளேஆஃப் வெற்றி அது. தலைமைப் பயிற்றுநர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கிக்குக் கோவிட் தொற்று. அவர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில்தான் ஆட்டத்தைப் பார்த்தார். அந்த ஆட்டத்தைக் கண்ட நாளிலிருந்து எனக்கும் ஒரு காய்ச்சல். இன்றுவரை இறங்கவில்லை.

இந்த லீக்கின் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. நம் காற்பந்து லீக்குகளைப்போல் இங்கே கடைசி இடத்தில் வரும் குழு கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவதில்லை. மாறாக, டிராஃப்ட் எனப்படும் புதுமுக ஆட்டக்காரர் தேர்வில், மிக மோசமாக ஆடிய குழுவுக்கே முதல் வாய்ப்பு. பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் சிறந்த இளைஞர்களை ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாய்ப்புகளை மற்றக் குழுக்களோடு பண்டமாற்றும் செய்துகொள்ளலாம், இன்னும் வராத ஆண்டுகளின் வாய்ப்புகளைக்கூட! இரண்டாவது, சம்பள உச்சவரம்பு. 2025-இல் ஒரு குழுவுக்கு 279.2 மில்லியன் டாலர். எவ்வளவு பெரிய செல்வந்தர் உரிமையாளராக இருந்தாலும் அதற்கு மேல் வாரி இறைக்க முடியாது. ஆகவே இங்கே உண்மையான செல்வம் டிராஃப்ட் வாய்ப்புகள்தாம். குறைந்த சம்பளத்தில் நான்கைந்து ஆண்டுகள் ஆடும் திறமைசாலிகளை அவையே தருகின்றன.

இனி என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2022 மார்ச் மாதம் பிரவுன்ஸ் நிர்வாகம் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும், கூடவே வேறு சில வாய்ப்புகளையும் ஹூஸ்டன் டெக்சன்ஸுக்குக் கொடுத்து, தெஷான் வாட்சன் என்ற ஒரே ஒரு குவார்ட்டர்பேக்கை வாங்கியது. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைப் பெற்று வீசுபவர், ஆட்டத்தின் மூளை. அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 230 மில்லியன் டாலர், ஒரு காசு விடாமல் முழு உத்தரவாதத்துடன். ஆடினாலும் பணம், ஆடாவிட்டாலும் பணம். 2024 அக்டோபரில் அவருக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. 2025 பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. 2022 முதல் 2024 வரை அவர் பிரவுன்ஸுக்காக ஆடியவை 19 ஆட்டங்கள். இதற்கிடையே உச்சவரம்பைச் சமாளிக்க அவருடைய சம்பளத்தின் கணக்கை ஆண்டுதோறும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பிடிபிடிஎன் கடன் வாங்கிய நமக்கு இதைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. தள்ளிப்போட்ட தவணை ஒருநாள் கதவைத் தட்டியே தீரும்.

இதில் வயிற்றெரிச்சலான பழைய கதை ஒன்றும் உண்டு. 2017 டிராஃப்டில் பன்னிரண்டாவது வாய்ப்பு பிரவுன்ஸ் கையில்தான் இருந்தது. அதை ஹூஸ்டனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஹூஸ்டன் அதில் எடுத்த ஆள் யார் தெரியுமா? இதே வாட்சன்! அன்று ஒரு வாய்ப்பில் வந்திருக்க வேண்டியவரை ஐந்தாண்டு கழித்து மூன்று முதல் சுற்று வாய்ப்புகள் கொடுத்து வாங்கினார்கள். அப்படிக் கொடுத்ததில் ஒன்று 2023-இன் முதல் சுற்று. அதுவும் பன்னிரண்டாம் இடம்! அந்த வாய்ப்பு ஹூஸ்டனிலிருந்து அரிசோனாவுக்குப் போய், அங்கிருந்து டெட்ராய்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. லயன்ஸ் அதில் ஜமீர் கிப்ஸ் என்ற அற்புதமான ஓட்டக்காரரை எடுத்துக்கொண்டது. கிளீவ்லண்ட் விற்ற விதைநெல் டெட்ராய்ட் வயலில் விளைந்தது. 2024 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் பிரவுன்ஸை 45-14 என்று நசுக்கி வீட்டுக்கு அனுப்பியதோ, அதே ஹூஸ்டன்.

பணக்கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வாட்சனை வாங்கிய வேளையில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகார் கூறி உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார். டெக்சஸில் கூடிய நடுவர் குழுக்கள் அவர்மீது குற்றவியல் வழக்குத் தொடர இணங்கவில்லை. உரிமையியல் வழக்குகளில் பெரும்பாலானவை சமரசத்தில் முடிந்தன. லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்து 5 மில்லியன் டாலர் அபராதமும் விதித்தது. இவ்வளவும் சூழ்ந்திருந்த ஒருவருக்குத்தான் லீக் வரலாற்றிலேயே அதுவரை எவருக்கும் தராத உத்தரவாதத் தொகையை நிர்வாகம் தூக்கிக் கொடுத்தது. அந்தப் பருவத்தில் குழுவின் சட்டையை அணிய எனக்கு மனம் வரவில்லை. "ஆட்டத்தை மட்டும் பாரேன்" என்று தோழர்கள் சொன்னார்கள். பெண் ரசிகைகளைப் பார்த்து அப்படிச் சொல்வது எளிது. ஒரு குழுவை மீட்டெடுப்பது என்றால், அதற்காகத் தொண்டை வறளக் கத்துபவர்கள் தலைகுனியாமல் கத்த முடிய வேண்டும் என்பதும் அதில் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

"பெரிய ஆளை விலைகொடுத்து வாங்கினால் கோப்பை வராதா? லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வாங்கி வென்றதே" என்று சிலர் வாதிடக்கூடும். நியாயமான கேள்வி. 2021-இல் ராம்ஸ் முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து டெட்ராய்ட்டிலிருந்து மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. 2022 பிப்ரவரியில் சூப்பர் போல் வென்றது. ஆனால் ராம்ஸ் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே சூப்பர் போல் வரை சென்ற குழு. கட்டி முடித்த வீட்டுக்குக் கூரை வாங்கினார்கள். பிரவுன்ஸ் 2021-இல் 8 வெற்றி, 9 தோல்வி கண்ட குழு. இடது தோள் கிழிந்த நிலையிலேயே அந்தப் பருவத்தை ஆடிய பேக்கர் மேஃபீல்டை ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கவும் அவர்களுக்கு மனமில்லை. மேஃபீல்ட் பின்னர் தம்பா பே குழுவுக்குச் சென்று 2023-இலும் 2024-இலும் அதை அதன் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்.

அதே ஸ்டாஃபர்ட் விற்பனையை டெட்ராய்ட் பக்கமிருந்து பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய தங்கள் நட்சத்திரத்தை விற்று, எதிர்கால வாய்ப்புகளை வாங்கினார்கள். கிளீவ்லண்ட் செய்ததற்கு நேர் எதிர்! அந்த ஆண்டு டிராஃப்டில் புதிய பொது நிர்வாகி பிராட் ஹோம்ஸ் முதலில் எடுத்தது பெனே சூவெல் என்ற முன்வரிசைக்காரரை. எழுபத்தைந்தாயிரம் பேர் கூடிய அரங்கில் யாரும் முன்வரிசைக்காரரின் பெயரைச் சொல்லிக் கூவுவதில்லை. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் குனிந்து நின்று, பாய்ந்து வரும் எதிரிகளைத் தாங்கும் ஐந்து பேர் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பந்தைத் தொடுவதுகூட அரிது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்களே, இந்த ஆட்டத்தில் அந்தச் சுவர் இவர்கள்தாம்.

டெட்ராய்ட் சுவரை முதலில் எழுப்பியது. அதனால் உடனே வெற்றி வந்துவிட்டதா? இல்லை. 2021-இல் டிசம்பர் மாதம்வரை ஒரு வெற்றிகூட இல்லை. 2022-இல் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு தோல்வி. பயிற்றுநர் டான் கேம்பலைத் துரத்துங்கள் என்ற குரல் எழுந்தது. அப்போது உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் அம்மையார் செய்தியாளர்களைச் சந்தித்து, தமக்கு இவர்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். அவ்வளவுதான். அந்தப் பருவம் 9 வெற்றியில் முடிந்தது. 2024 ஜனவரியில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு லயன்ஸ் தன் முதல் பிளேஆஃப் வெற்றியைப் பெற்றது. தோற்கடித்தது ராம்ஸை, எதிரே நின்றவர் ஸ்டாஃபர்ட். லயன்ஸும் கோப்பையை இன்னும் தொடவில்லை, 2025-இல் பிளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 5 வெற்றிக்கே பாயாசம் காய்ச்சும் என்னைப் போன்றவர்கள் அதைக் குறையாகச் சொல்ல முடியுமா?

கிளீவ்லண்டுக்கும் ஒரு மாபெரும் சுவர் இருந்தது. ஜோ தாமஸ். 2007 டிராஃப்டில் மூன்றாவது ஆளாகத் தேர்வு பெற்றார். அந்த நேரத்தில் அவர் விழா மேடையில் இல்லை, தம் தந்தையோடு மிச்சிகன் ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு 2017-இல் காயப்படும்வரை, தொடர்ச்சியாக 10,363 முறை பந்து நகர்ந்தபோதும் ஒருமுறைகூடக் களத்தைவிட்டு நீங்கவில்லை. 2023-இல் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது. பதினோரு பருவம் ஆடிய அந்த மனிதர் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட ஆடியதில்லை. அவருக்குப் பின்னால் நின்ற குவார்ட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1999 முதல் பிரவுன்ஸ் ஆட்டத்தைத் தொடங்கி வைத்த குவார்ட்டர்பேக்குகள் நாற்பதுக்கும் மேல்! ஒரு சுவர் மட்டும் போதாது என்பதற்கு அவரே சான்று. கட்டுகிறவன் கையும் மாறாமல் இருக்க வேண்டும்.

அந்தக் கை ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. ஜிம்மி ஹாஸ்லம் 2012-இல் குழுவை வாங்கிய பிறகு, 2013-இலும் 2019-இலும் ஒரே பருவத்தில் பயிற்றுநரைத் துரத்தினார்கள். 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் 1 வெற்றி, 31 தோல்வி. நல்ல வாய்ப்புகள் கிடைப்பதற்காகத் தோற்பதும் ஒரு திட்டம் என்று அப்போது வாதிட்டார்கள். அந்த வாய்ப்புகளைச் சேர்த்த சாஷி பிரவுனையோ, அவற்றைப் பயன்படுத்துவதற்குள் வேலையைவிட்டு நீக்கினார்கள். உழுதவனை வரப்பிலேயே நிறுத்திவிட்டு அறுவடைக்கு வேறு ஆள். இதில் எந்தத் திட்டம் விளங்கும்? ஸ்டெஃபான்ஸ்கிக்கு மட்டும் ஆறு பருவம் தந்தார்கள். அவரும் 2020, 2023 என இருமுறை ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது பெற்றார். ஆனால் வாட்சன் என்ற பாறையைக் காலில் கட்டிவிட்டு நீந்தச் சொன்னார்கள். 2026 ஜனவரியில் அவரையும் நீக்கினார்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மில் சிலர் நேராக முதலாம் படிவத்தில் அமரவில்லை. நானும் ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் இருந்தேன். சொந்தக்காரர்கள் அதை ஒரு தோல்வியாகவே பார்த்தார்கள், "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று. ஆனால் அந்த ஆண்டில் மலாய்மொழியை அடிப்படையிலிருந்து படித்ததால்தான் பிறகு வரலாற்றுப் பாடநூலை அகராதி இல்லாமல் வாசிக்க முடிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீணாகத் தெரியும் ஆண்டு எது, உண்மையில் வீணான ஆண்டு எது என்பதை உள்ளே இருப்பவர்கள்தாம் சொல்ல முடியும். லயன்ஸின் 2021 முதல் வகை. பிரவுன்ஸின் 2017 இரண்டாம் வகை.

பிரவுன்ஸுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா? இருக்கிறது. 2025 டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் இருந்த அவர்கள், எல்லாரும் ஆசைப்பட்ட டிராவிஸ் ஹன்டரை எடுக்காமல் ஜாக்சன்வில் குழுவுக்கு அந்த இடத்தைக் கொடுத்து, ஐந்தாம் இடத்தையும் 2026-இன் முதல் சுற்று வாய்ப்பையும் வேறு சிலவற்றையும் வாங்கினார்கள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். நான் கைதட்டினேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு கிளீவ்லண்ட் எதிர்காலத்தை விற்காமல் வாங்கியது. தற்காப்பில் மைல்ஸ் கேரெட் அந்தப் பருவத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை 23 முறை வீழ்த்தி லீக் சாதனையையே முறியடித்தார். ஆக, வீட்டின் பின்பக்கச் சுவர் உறுதி. முன்பக்கந்தான் முதுமையால் விரிசல் விட்டிருக்கிறது. புதிய பயிற்றுநர் டாட் மோங்கனுக்கு என் போன்றோர் கேட்பது இதுதான்: முதலில் அந்த ஐந்து பேர். குவார்ட்டர்பேக் பிறகு. உரிமையாளரிடம் கேட்பது இன்னும் குறைவு: நான்கு ஆண்டுகள் சும்மா இருங்கள்.

ஏனென்றால் அந்த நகரத்து மக்கள் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டார்கள். 1995-இல் அன்றைய உரிமையாளர் ஆர்ட் மோடெல் குழுவை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். 1999 வரை கிளீவ்லண்டுக்குக் குழுவே இல்லை. பதினாறு தோல்விகளுக்குப் பிறகு 2018 ஜனவரியில், உறைபனிக் குளிரில், ரசிகர்கள் அரங்கத்தைச் சுற்றிப் பூச்சியம் வடிவில் ஊர்வலம் போனார்கள். கேலி ஊர்வலந்தான். ஆனாலும் அதை வைத்து நகரத்து ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு நிதி திரட்டினார்கள். இப்போது குழுவை ஏரிக்கரையிலிருந்து புரூக் பார்க் என்ற புறநகரில் கட்டும் புதிய கூரை அரங்குக்கு மாற்றும் திட்டம். ஒஹாயோ மாநிலம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென 600 மில்லியன் டாலர் ஒதுக்கியது. பொதுப் பணத்தில் அரங்குக்குக் கூரை போடத் தெரிந்தவர்கள், களத்தில் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து நல்ல ஆட்களை நிறுத்தத் தெரியாமலா போவார்கள்?

செப்டம்பரில் பருவம் தொடங்கும்போது நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை ஒரு மணி. எட்டு மணி விரிவுரையில் நான் கண்ணயர்ந்தால் எழுப்பிவிடுங்கள். யார் வென்றார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.