மின்தூண்டல் கணக்குகளில் வினைச்சொல்லின் இடம்

பௌதிகம் பயிலும் மாணாக்கர் பலரை மயங்க வைக்கும் பகுதிகளுள் மின்காந்தத் தூண்டலும் ஒன்று. கணிதப் பயிற்சி போதாமையே இதற்குக் காரணமென்று கூறுவாருளர். எமது கருத்து வேறு. பள்ளியிறுதி வகுப்பில் வரும் இக்கணக்குகள் பலவற்றிற்குப் பெருக்கலும் வகுத்தலுமே போதும். மாணாக்கர் இடறுவது கணக்கின் வாக்கியத்தில். குறிப்பாக அதன் வினைச்சொல்லில். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இது நன்கு புலப்படும். "மாறுகின்றது" என்னுமிடத்தில் "மாறியது" என்று எழுதிவிட்டால், விடையே வேறாகிவிடும் கணக்குகள் இவை.

'தூண்டல்' என்னும் சொல்லையே நோக்குவோம். விளக்கின் திரியைத் தூண்டுவது ஒரு செயல், நிலையன்று. கோலைத் திரியருகே வாளா பிடித்திருப்பதனால் சுடர் வளராது. 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் மைக்கேல் பாரடே கண்டதும் இதுவே. இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தொகுதியுடன் இணைத்தார். இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே மற்றச் சுருளின் அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. இடையில் மின்னோட்டம் நிலையாகப் பாய்ந்தபோது ஊசி தன் பழைய இடத்தில் நின்றது. பாரடே முறையான கணிதப் பயிற்சி பெற்றவரல்லர். எனினும் 'எப்போது' என்ற கேள்வியை அவர் விட்டுவிடவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 100 சுற்றுகளும் 0.02 சதுர மீட்டர் பரப்பும் கொண்ட கம்பிச்சுருள் ஒன்று. அதன் மின்தடை 5 ஓம். அதன் தளத்துக்குச் செங்குத்தான காந்தப்புலம் 0.1 வினாடியில் பூச்சியத்திலிருந்து 0.5 டெஸ்லா வரை சீராக உயர்கின்றது. சுருளின் தன்தூண்டலை மிகச் சிறிதெனக் கொள்வோம். தூண்டப்படும் மின்னியக்கு விசை 10 வோல்ட். இதுவரை எல்லா மாணாக்கரும் வந்துவிடுவர்.

இப்போது சுருளின் இரு முனைகளையும் நேராக இணைப்போம். 2 ஆம்பியர் மின்னோட்டம் 0.1 வினாடி பாய்கின்றது. சுற்றில் செல்லும் மின்னூட்டம் 0.2 கூலோம். புலம் உயர 0.2 வினாடி ஆயிற்றென்றால் மின்னோட்டம் பாதியாகும், நேரம் இரட்டிக்கும். மின்னூட்டமோ அதே 0.2 கூலோம். ஆகவே இங்கு மின்னூட்டத்தை நிர்ணயிப்பது மாற்றத்தின் அளவேயன்றி வேகமன்று.

முனைகளுக்கிடையே 20 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் நிலைமை தலைகீழாகின்றது. மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கக் கிடைக்கும் காலம் 0.0001 வினாடியே. ஆதலின், புலம் உயரத் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் மின்தேக்கி 10 வோல்ட்டை எட்டி, 200 மைக்ரோகூலோம் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும். அதன்பின், புலம் உயர்ந்துகொண்டிருந்தபோதிலும், மின்னோட்டம் இல்லை. இங்கு "2 ஆம்பியர்" என்று விடையெழுதும் மாணாக்கர் சூத்திரத்தை அறிந்தவரே, மின்தேக்கியை அறியாதவர். புலம் 0.2 வினாடியில் உயர்ந்தால் மின்னூட்டம் 100 மைக்ரோகூலோம் மட்டுமே. இங்கு நிர்ணயிப்பது வேகம். புலம் உயர்ந்து நின்றபின் மின்னியக்கு விசை மறைகின்றது. தேங்கிய மின்னூட்டம் சுருளின் வழியே வடிந்துவிடுகின்றது. "உயரும்போது", "உயர்ந்தபின்" என்னும் இரண்டு சொற்களில் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

திசையைப் பற்றியும் ஒரு சொல். 1834இல் லென்ஸ் வகுத்த விதியைக் குறிக்கும் கழித்தற்குறியை, இறுதியில் நீக்கிவிடத்தக்க அணிகலனாகவே பலர் கருதுகின்றனர். தூண்டப்படும் மின்னோட்டம் மாற்றத்தை எதிர்க்காமல் அதற்குத் துணைநிற்குமாயின், செலவின்றி ஆற்றல் பெருகும், அஃது இயலாது. காந்தப்புலம் தாளினுள் நோக்கி உயர்கின்றதெனில், சுருளில் மின்னோட்டம் இடஞ்சுழியாகப் பாயும். அது சென்று சேரும் தகடு நேர்மின்னூட்டம் பெறும். இதைச் சொல்ல இயலாத விடை பாதி விடையே.

களப்பணியாளர்க்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் காயிலும் பாயிண்டும் கண்டென்சரும் சேர்ந்து செய்யும் வேலையை நோக்குக. பாயிண்ட் மூடியிருக்கும்போது பொறியில்லை. அது திறந்து மின்னோட்டம் சட்டென்று அறுபடும் கணத்திலேதான் இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகின்றது. அறுபடும் வேகத்தைக் காப்பது கண்டென்சர். அது பழுதுபட்டால் பாயிண்ட் கருகும், பொறி தளரும். இன்னொன்று உயிரைப் பற்றியது. இணைப்பைத் துண்டித்த பின்னும் பெரிய மின்தேக்கிகள் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கக் கூடும். "துண்டித்தாயிற்று" என்பதும் "வடிந்தாயிற்று" என்பதும் ஒன்றல்ல என்று வகுப்பறையில் கற்றவர், அதை மின்பெட்டியின் முன்னும் மறவார்.

ஆதலின் ஆசிரியர்க்கு எமது விண்ணப்பம் இது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் மூன்று கேள்விகளை மாணாக்கரிடம் கேளுங்கள்: மாறுவது எது? எதுவரை மாறுகின்றது? மாற்றம் நின்றபின் ஆற்றல் எங்கே செல்கின்றது? விடைகளை எண்களின்றி, முழு வாக்கியங்களாக அவர்களே சொல்லட்டும். வினாத்தாள் அமைப்போரும் திசைக்கும் காரணத்திற்கும் தனியே மதிப்பெண் ஒதுக்குதல் வேண்டும். மதிப்பெண் இல்லாத இடத்தில் மாணாக்கர் கருத்துச் செலுத்துவரென எதிர்பார்ப்பது நியாயமன்று.