'டு' வருமா, 'இங்' வருமா?



அஸர் தொழுகைக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளுள் ஒருவன், பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பயிற்சித்தாளை அண்மையில் என்னிடம் நீட்டினான். தாளெங்கும் சிவப்பு மை. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் என்றால் பின்னால் 'இங்'. வான்ட், ஹோப், டிசைட் என்றால் 'டு' என்னும் பட்டியலை மட்டும் பிழையின்றி ஒப்பித்தான். வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை. "இங்கிலீஷ் நமக்கு வராது உஸ்தாத்" என்றான். பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் இச்சொல்லை நான் கேட்பது முதன்முறையன்று. இதைச் சொன்ன பிள்ளைகளிற் சிலர் அத்தோடு படிப்பையே விட்டு ஏரிக்குப் போயிருக்கின்றனர்.

பட்டியலிலிருந்து தொடங்குவதே பிழை என்பது என் கருத்து. 'பேசுவதை நிறுத்தினான்' என்பதற்கும் 'பேச நின்றான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் படகு தள்ளும் சிறுவனும் அறிவான். முன்னது தொழிற்பெயர், ஆங்கிலத்தில் ஸ்டாப்ட் டாக்கிங். பின்னது 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம். ஸ்டாப்ட் டு டாக். 'வலையை எடுத்துவர மறந்தேன்' என்றால் வலை வீட்டிலேயே கிடக்கிறது. 'எடுத்துவந்ததை மறந்தேன்' என்றால் வலை படகில் இருக்கிறது, நினைவுதான் இல்லை. ஃபர்காட் டு பிரிங், ஃபர்காட் பிரிங்கிங் என்பவை இவையே.

நஹ்வு பாடத்தில் மஸ்தர் ஸரீஹ், மஸ்தர் முஅவ்வல் என இரண்டைக் கற்பிக்கிறோம். 'உரீதுத் தஹாப' என்றாலும் 'உரீது அன் அத்ஹப' என்றாலும் போக விரும்புகிறேன் என்பதே பொருள். நோன்பு பற்றிய 2:184ஆம் வசனத்தை இதற்குச் சான்று காட்டாத ஆசிரியர் அரிது. வினையைப் பெயராக்கியும் சொல்லலாம், வினையாகவே வைத்தும் சொல்லலாம் என்பது ஓதும் பிள்ளைக்குப் புதிதன்று. அரபி இரண்டுக்கும் இடந்தரும் இடத்தில் ஆங்கிலம் பல வேளைகளில் ஒன்றையே ஏற்கும், அவ்வளவே.

இவ்வழி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' வேறு வகை. அதன்பின் 'சீயிங்' என்றே வரும். இத்தகையவற்றை மனனம் செய்தே ஆகவேண்டும். ஜுஸ்உ ஜுஸ்உவாக மனனம் செய்யும் பிள்ளைக்கு இருபது சொற்கள் ஒரு பாரமா?

மத்ரஸாவில் ஆங்கிலம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் உள்ளது. 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை எழுப்பிய துறைமுகம் நம்முடையது. கடல்வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதினர், அர்வி என்கிறோம். பிறமொழியைக் கண்டு அஞ்சியவர்கள் அல்லர் அவர்கள்.

அந்தப் பிள்ளையை முதலில் வலை வாக்கியங்களைத் தமிழில் எழுதச் சொன்னேன். பிறகு அதே தாளை மறுபடி கொடுத்தேன். பத்தில் ஏழு சரியாக வந்தன. மீதி மூன்றும் பட்டியற் சொற்கள். அவற்றை மஃரிபுக்குள் ஒப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.