நார்ட்டன்: பெயர் கைமாறியது, நம்பிக்கை?

இத்தாலியின் மிலான் நகரில் 2025 நவம்பரில் நடைபெற்ற மோட்டார் சைக்கிள் கண்காட்சியில், நூறாண்டைக் கடந்த பிரிட்டிஷ் பெயரான நார்ட்டன் மீண்டும் மேடையேறியது. மான்க்ஸ், மான்க்ஸ் ஆர், அட்லஸ், அட்லஸ் ஜிடி என நான்கு புதிய வண்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றின் பின்னால் இருந்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தின் முதலீடு. 2020 ஏப்ரலில், உலகமே பெருந்தொற்றில் முடங்கிக் கிடந்த வேளையில், நார்ட்டனை அந்நிறுவனம் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ ரூ.153 கோடி.

ஆண்டவர்களின் அடையாளம் ஒன்றை ஆளப்பட்டவர்கள் விலைக்கு வாங்கியது குறித்து நம்மிடையே ஒரு பெருமிதம் உண்டு. அது இயல்பானது. ஆனால், நலிந்த பெயர் ஒன்றை வாங்குவது எளிது; அதன் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கையை மீட்பதுதான் கடினம். நார்ட்டன் விவகாரத்தை அந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் 1898இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய நிறுவனம் இது. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907இல் நடந்த முதல் டிடி பந்தயத்தில், இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் வண்டியே வென்றது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பெரும் எண்ணிக்கையில் வண்டிகளைத் தயாரித்துக் கொடுத்தது. சே குவேரா 1952இல் தன் நண்பருடன் தென் அமெரிக்கப் பயணத்தைத் தொடங்கியதும் ஒரு பழைய நார்ட்டன் வண்டியில்தான்.

இத்தனை பெருமைகளும் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 1953இல் நார்ட்டன் வேறொரு குழுமத்தின் கைக்குப் போனது. 1966இல் அந்தக் குழுமமும் சரிந்தது. அடுத்து வந்த நிர்வாகம் 1967இல் அறிமுகப்படுத்திய கமாண்டோ வண்டி புகழ்பெற்றது. ஆயினும் அதன் அடிப்படை பழைய என்ஜின்தான். 1969இல் ஜப்பானின் ஹோண்டா, நான்கு சிலிண்டர்களும் பொத்தானை அழுத்தினால் உயிர்பெறும் வசதியும் கொண்ட 750 சிசி வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கமாண்டோவுக்கு அந்த வசதி கிடைக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் நகர்ந்துவிட்டார்கள். 1970களின் இறுதியில் கமாண்டோவின் உற்பத்தி நின்றது.

பாரம்பரியப் பெயர்கள் வீழ்வதற்கு வெளிநாட்டுப் போட்டியை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். நார்ட்டனின் கதையில் போட்டியைவிட, நல்ல காலத்தில் கிடைத்த பணத்தைப் புதிய என்ஜினிலும் புதிய இயந்திரங்களிலும் போடாத நிர்வாகமே முதன்மைக் காரணம். ஜப்பானியர்கள் அந்த அலட்சியத்தை அம்பலப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

ஓய்வூதியர்களின் பணம்

நார்ட்டனின் அண்மைக்கால வீழ்ச்சி இதைவிட வேதனையானது. 2008இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஒருவர் இந்தப் பெயரை வாங்கி, டோனிங்டனில் உற்பத்தியைத் தொடங்கினார். ‘பிரிட்டிஷ் தொழில் மறுமலர்ச்சி’ என்று அது கொண்டாடப்பட்டது. 2015இல் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நேரில் சென்று 40 லட்சம் பவுண்டு அரசு மானியத்தை அறிவித்தார். 2020 ஜனவரியில், வரி பாக்கி நெருக்க, நிறுவனம் திவால் நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது.

அதன் பிறகுதான் முழுச் சித்திரம் வெளிப்பட்டது. 200க்கும் மேற்பட்ட சாமானியர்கள் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பை மூன்று திட்டங்களுக்கு மாற்றியிருந்தார்கள். 1 கோடி பவுண்டுக்கும் அதிகமான அந்தப் பணம் நார்ட்டனின் பங்குகளிலேயே போடப்பட்டிருந்தது. அந்தத் திட்டங்களின் அறங்காவலராக இருந்தவர் நார்ட்டனின் உரிமையாளரே. பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறு பிரிட்டனின் ஓய்வூதியக் குறைதீர்ப்பு அதிகாரி 2020 ஜூனில் உத்தரவிட்டார். சட்ட வரம்பை மீறி, தன் நிறுவனத்திலேயே ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்த குற்றத்தை உரிமையாளர் 2022இல் ஒப்புக்கொண்டார். அவருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது.

வண்டிக்கு முன்பணம் செலுத்திவிட்டுக் காத்திருந்த வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். திவால் நடைமுறையில் இத்தகையவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்கள். இது பிரிட்டனுக்கு மட்டும் உரிய குறையன்று. இந்தியாவில் 2018இல் திவால் சட்டம் திருத்தப்பட்டு, வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களுக்கு நிதிக் கடன்தாரர் என்னும் தகுதி வழங்கப்பட்டது. வாகனத்துக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்து வண்டி வாங்கும் பழக்கம் பரவிவரும் இக்காலத்தில், நம் சட்டமியற்றுவோர் கவனிக்க வேண்டிய இடைவெளி இது.

சட்டத்தின் கடன், பெயரின் கடன்

டிவிஎஸ் வாங்கியது நார்ட்டனின் சொத்துகளை. பழைய நிறுவனத்தின் கடன்களை அன்று. சட்டப்படி இதில் தவறேதும் இல்லை. அந்தச் சுமைகளையும் ஏற்க வேண்டும் என்று நிபந்தனை இருந்திருந்தால், வாங்க எவரும் முன்வந்திருக்க மாட்டார்கள். எஞ்சியிருந்த தொழிலாளர்களின் வேலையும் போயிருக்கும்.

ஆனால், பெயரை வாங்குகிறவர் அதன் புகழை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. வண்டியின் டாங்க்கில் எழுதப்பட்டிருக்கும் அதே பெயர்தான் ஏமாற்றப்பட்டவரின் ரசீதிலும் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஏறாத இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்பதே புதிய உரிமையாளரின் முதல் சோதனை.

அந்தச் சோதனையில் டிவிஎஸ் எடுத்த ஒரு முடிவு பாராட்டுக்குரியது. பழைய நிர்வாகம் விற்ற வி4 எஸ்எஸ் என்னும் விலையுயர்ந்த வண்டியைப் புதிய பொறியாளர்கள் பிரித்து ஆராய்ந்தபோது, 30க்கும் மேற்பட்ட குறைகள் தென்பட்டன. பாதுகாப்பைப் பாதிப்பவையும் அவற்றில் இருந்தன. தாங்கள் தயாரிக்காத வண்டி என்று ஒதுங்கிக்கொள்ளாமல், அதை நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. என்ஜின் உள்ளிட்டவற்றைத் திருத்தி அமைத்த பிறகே அதன் வழிவந்த வி4 எஸ்வி விற்பனைக்கு வந்தது. பழைய கையிருப்பை விரைந்து விற்றுப் பணமாக்கும் வாய்ப்பு கண்முன் இருந்தும் அதைத் தவிர்த்தது சிறிய செய்தியன்று. பர்மிங்ஹாமை ஒட்டிய சோலிஹல்லில் 2021இல் புதிய ஆலையும் திறக்கப்பட்டது. 2022இல் 10 கோடி பவுண்டு முதலீடு அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த மதிப்பு 20 கோடி பவுண்டு என உயர்த்தப்பட்டது. அதாவது, பெயருக்குக் கொடுத்த விலையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் அந்தப் பெயரைத் தாங்கும் பொறியியலுக்குத் தேவைப்படுகிறது.

முன்னோடிகள் சொல்லும் பாடம்

இத்தகைய முயற்சிகளில் வென்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. மற்றொரு பிரிட்டிஷ் பெயரான டிரையம்ப் 1983இல் மூழ்கியபோது, கட்டுமானத் தொழிலில் இருந்த ஜான் புளூர் அதை வாங்கினார். பழைய என்ஜினுக்கு வண்ணம் பூசி விற்க அவர் முற்படவில்லை. சில ஆண்டுகளை ஆராய்ச்சியிலேயே செலவிட்டு, ஹிங்க்லியில் புதிய ஆலை கட்டி, 1990இல்தான் முதல் வண்டிகளைக் காட்டினார். அவை நவீன வண்டிகள். பழைமையின் சாயல் கொண்ட பானவில் அதற்கும் பத்தாண்டு கழித்தே வந்தது. முதலில் நம்பகம், பிறகு நினைவேக்கம் என்பது அவருடைய வரிசை. நிறுவனத்தின் வரவும் செலவும் சமநிலைக்கு வர 2000ஆம் ஆண்டு ஆயிற்று.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் சென்னையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955இல் சென்னைக்கு வந்தது. தாய் நிறுவனம் மறைந்த பின்னும் திருவொற்றியூரில் புல்லட்டின் உற்பத்தி நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐஷர் குழுமம் அதை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை இருந்தது. இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் பொறுப்பேற்று அவகாசம் கேட்டார். எண்ணெய் கசிவுக்கும் ஓயாத பழுதுக்கும் பேர்போன பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்குப் பதிலாகப் புதிய அலுமினிய என்ஜின் வந்தது. தோற்றம் பழையது, உள்ளிருப்பது புதியது என்னும் அந்த உத்தி 2009இல் கிளாசிக் வண்டியில் முழுமை பெற்றது. 2024-25 நிதியாண்டில் அந்நிறுவனம் 10 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை விற்றது.

எதிர்மறையான பாடத்துக்கு இத்தாலியின் எம்வி அகஸ்டா போதும். 2008இல் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து அதை வாங்கியது. பொருளாதார மந்தம் தாக்கியவுடன் பொறுமை இழந்தது. இரண்டே ஆண்டுகளில் பழைய உரிமையாளரின் குடும்பத்துக்கே மூன்று யூரோவுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஹார்லியிடம் பணமும் தொழில் அனுபவமும் இருந்தன, காலம்தான் கொடுக்கப்படவில்லை.

இனி என்ன செய்ய வேண்டும்?

டிவிஎஸ் நிறுவனத்துக்குக் காலம் கொடுக்கும் வலிமை இருக்கிறது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டை ஓசூரிலிருந்து ஊர்தோறும் கொண்டுசேர்த்த நிறுவனம் அது. சுஸுகியுடனான கூட்டு 2001இல் முடிந்தபோது தன் காலில் நின்றது. 2013 முதல் பிஎம்டபிள்யூ மோட்டாராடுடன் இணைந்து, அந்தப் பெயரில் உலகச் சந்தைக்கு வண்டிகளைத் தயாரித்துத் தருகிறது. ஜெர்மானியத் தரக்கட்டுப்பாட்டுக்கு ஓசூரின் தொழிலாளர்கள் ஈடுகொடுத்த அனுபவம் நார்ட்டனுக்கு நேரடியாகப் பயன்படும்.

அட்லஸ் வகை வண்டிகள் ஓசூரில் தயாராகக்கூடும் என்று செய்திகள் வந்தபோது, ‘இந்தியாவில் செய்தால் அது நார்ட்டனா?’ என்ற கேள்வி எழுவதைத் தவிர்க்க முடியாது. இதற்கு நார்ட்டனின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1907இல் அந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்த பந்தய வண்டியில் இருந்தது பிரான்ஸின் பெஜோ என்ஜின். எங்கே செய்யப்பட்டது என்பதை அன்றும் எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஓடியதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

என்னுடைய கவலை வேறு. 1200 சிசி வி4 என்ஜின் கொண்ட மான்க்ஸ் ஆர் ஐரோப்பாவின் மிகச் சிறந்த வண்டிகளோடு போட்டியிட வேண்டும். 585 சிசி அட்லஸ், நடுத்தரப் பிரிவில் விலையைக் கணக்குப் பார்த்து வாங்குவோரை ஈர்க்க வேண்டும். இரு சந்தைகளின் இயல்பும் வேறு. ஒரே நேரத்தில் இரண்டிலும் கால்வைக்கும்போது, விற்பனையகங்களும் உதிரி பாகங்களும் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும் வண்டிகளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் பயணத்தின் நடுவே ஒரு சிறு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் வாடிக்கையாளரிடம், டிடி பந்தய வெற்றிகளைச் சொல்லிப் பயனில்லை. விளம்பரத்துக்கு முந்தி உதிரி பாகக் கிடங்கு வர வேண்டும்.

வாகன உலகம் மின்சாரத்தை நோக்கி நகரும் காலத்தில் பெட்ரோல் என்ஜினின் கம்பீரத்தை விற்கும் முயற்சி இது என்பதையும் மறந்துவிடலாகாது. பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுவோர் இந்த மாற்றத்தின் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். ஆனாலும், முதலீட்டைத் திரும்ப எடுக்கக் கிடைக்கும் காலம் புளூருக்கு இருந்ததைவிடக் குறைவுதான்.

பங்குதாரர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. காலாண்டுக்குக் காலாண்டு லாபம் கேட்கும் சந்தை, இத்தகைய முயற்சிகளுக்குப் பகை. நட்டத்தை மறைக்காமல் சொல்வதும், எத்தனை ஆண்டு பொறுத்திருப்போம் என்பதை முன்கூட்டியே அறிவிப்பதும் நிர்வாகத்தின் கடமை. பழைய நார்ட்டன் வீழ்ந்ததற்கு நட்டத்தைவிட, நட்டத்தை மறைக்க அடுத்தவர் சேமிப்பில் கைவைத்ததே காரணம் என்பதை எவரும் மறக்கலாகாது.

ஆகவே, நார்ட்டனின் மறுவாழ்வைக் கண்காட்சி விளக்குகளின் ஒளியில் அளக்க வேண்டாம். இன்று ஒரு நார்ட்டனை வாங்குகிறவருக்கு ஐந்து ஆண்டு கழித்தும் அதன் பாகங்கள் கிடைக்கின்றனவா, சோலிஹல்லிலும் ஓசூரிலும் பணிபுரிவோரின் வேலை நிலைக்கிறதா, முன்பணம் கொடுத்தவருக்குச் சொன்ன நாளில் வண்டி வருகிறதா என்பவையே உரிய அளவுகோல்கள். இவற்றில் டிவிஎஸ் வென்றால், அது நம் பெருமிதத்துக்கு உண்மையான காரணமாக அமையும். அந்தப் பெயரால் ஏமாற்றப்பட்டவர்களின் இழப்பை அந்த வெற்றி ஈடுசெய்துவிடாது. ஆனால், அதே பெயரை நம்பி இனிமேல் எவரும் ஏமாற மாட்டார் என்ற உறுதியையேனும் அது தரும்.