தராசு முன்னே, சூத்திரம் பின்னே

"மறுபக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்!" சமன்பாடு என்றதும் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் மந்திரம் இது. இம்மந்திரத்தைத் தொடக்கப் பாடத்திலிருந்து விரட்டியே ஆகவேண்டும் என்பது என் துணிபு.

ஏன் என்பீர்கள். 3க = 12 என்று கொடுத்துப் பாருங்கள். ஒருவன் 3-ஐ மறுபக்கம் அனுப்பி, அடையாளத்தையும் மாற்றி, −3-ஆல் வகுத்து −4 என்பான். இன்னொருத்தி 12-இல் 3-ஐக் கழித்து 9 என்பாள். இருவரும் மந்தபுத்தியினர் அல்லர், சொன்னதைச் செய்தவர்கள். எண்ணுக்குக் கால் முளைத்துத் தாண்டுகிறது என்று கற்பித்தவர்கள் நாமல்லவா?

சென்ற கோடையில் குடிபாலாவில் சில சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். பொருள் விளங்காத சூத்திரம் அவர்களுக்கு இரட்டைச் சுமை. ஆனால் சித்தூர்ச் சீமை மாம்பழச் சீமை. எடை போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். "கூடையோடு 23 கிலோ, வெறுங்கூடை 2 கிலோ, பழம் எவ்வளவு?" என்று கேட்டு வாய் மூடுமுன் 21 என்றார்கள். அதையே க + 2 = 23 என்று எழுதிக் காட்டினேன். இரு தட்டிலும் 2 கிலோவை எடுத்தால் தராசு சாயாது. எதுவும் எங்கும் தாண்டவில்லை! ஒரே அளவான 3 கூடைப் பழம் 60 கிலோ என்றால், இரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நிறுத்திக்கொள், விடை 20.

இது என் கண்டுபிடிப்பன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமியின் நூற்பெயரிலுள்ள 'அல்ஜபர்' என்ற சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் பிறந்தது. கழிபட்டுக் குறைந்ததை இருபுறமும் சேர்த்து நிரப்புதல் என்பது அதன் கருத்து. க − 5 = 7 என்றால் இருபுறமும் 5 சேர்; க = 12. 1557-இல் '=' குறியை அச்சேற்றிய இராபர்ட் ரெக்கார்டும், இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றே அதைத் தேர்ந்தார். நம் பிள்ளைகளோ அதனை 'விடை எழுதுக' என்னும் கட்டளையாகப் படிக்கிறார்கள்.

தேர்வில் நேரம் போகுமே என்பார் சிலர். போகட்டும்; காரணம் சொல்லத் தெரிந்தபின் குறுக்குவழியைக் கொடுங்கள், யார் வேண்டாமென்றது?

நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். மின் தராசு வந்தபின் தட்டுத் தராசையே காணாத பிள்ளைகளும் உண்டு. ஒரு கோல், ஒத்த இரண்டு கொட்டாங்கச்சி, கொஞ்சம் கயிறு, ஒரு பிடி புளியங்கொட்டை போதும். சிலவற்றைத் தாளில் பொட்டலம் கட்டி ஒரு தட்டில் வையுங்கள். உள்ளே எத்தனை என்று அவர்களே சொல்லட்டும்.