அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியுமா?



விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பீங்கான்தான் ஞாபகம் வரும். ஊரைச் சுற்றி நல்லூர், வேப்பூர், மங்களூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்ட நம் வயிறு, பீங்கான் சூளையாய் எரிவது யாருக்குத் தெரியும்?

அமெரிக்கன் படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் நுழைந்தது. 2018-ல் கர்நாடகத்தில் கண்டார்கள். அதே ஆண்டு தமிழகத்துக்கும் வந்துவிட்டது. ஒரு தாய் அந்துப்பூச்சி தன் ஆயுளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். புழு குருத்துக்குள் புகுந்து, மரத்தூள் போன்ற எச்சத்தால் வாசலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேலே அடிக்கிற மருந்து உள்ளே எப்படிப் போகும்?

"மருந்தடி, மருந்தடி" என்கிறார்கள். கடன் வாங்கி அடிக்கத்தான் செய்கிறோம். ஆனால் இந்த அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் பறக்கக் கூடியது. நம்ம கொல்லையில் அடித்தால் அடுத்த கொல்லையிலிருந்து வரும். ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைத் தனி விவசாயி தலையில் கட்டுவது என்ன நியாயம்?

பூச்சித் தாக்குதலும் வெள்ளம், வறட்சி போல மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் இருக்கிறது. 2018-19 பாதிப்புக்குத் தமிழக அரசு நிவாரணமும் கொடுத்தது. ஆனால் தொகை? 2022-26 காலத்துக்கான மத்திய அரசு விதிப்படி, 33 சதவீதத்துக்குக் குறையாமல் சேதமானால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3,440 ரூபாய். உழவு, விதை, உரம், களையெடுப்பு, மருந்து எல்லாம் இதற்குள் அடங்குமா? விதி எழுதியவர்கள் வந்து சாகுபடி செய்து காட்டட்டும்!

நம்ம பக்கமும் குறை இருக்கு. ஒருத்தர் ஆவணியில், ஒருத்தர் ஐப்பசியில் விதைத்தால் புழுவுக்கு மாசக்கணக்கில் விருந்துதான். ஊர் கூடி ஒரே நேரத்தில் விதைப்போம். கோடை உழவு போட்டு மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் கொடுப்போம்.

அரசு செய்ய வேண்டியது இதுதான்: விதைப்புக்கு முன்பே விதைநேர்த்தி மருந்து, வேப்பம்புண்ணாக்கு, இனக்கவர்ச்சிப் பொறி இவற்றை ஊர் முழுவதற்கும் இலவசமாகக் கொடு! பயிர் நிற்கும்போதே வந்து சேதத்தைக் கணக்கெடு! சாகுபடிச் செலவுக்கு ஈடாக நிவாரணம் கொடு!

கருது அறுத்த பிறகு கணக்கெடுக்க வந்து பிரயோஜனம் இல்லை. இந்தப் பருவத்திலேயே கேட்போம். ஒன்றாக விதைப்போம்! ஒன்றாகப் போராடுவோம்!