செண்பகம் வேற, கம்போஜா வேற



நம்ம கோயில் பின்பக்கம் நிக்கிற மஞ்சள் செண்பக மரத்தை வெட்டிட்டு, காடி நிறுத்த இடம் போடலாம்னு பேச்சு நடக்குது. "கவலைப்படாதீங்க, ரெண்டு செம்பாக்கா வாங்கி வெச்சிடலாம்"னு வாட்ஸ்அப்பில படமும் வந்துச்சு. கோயில்ல பூ கட்டுற, கூட்டிப் பெருக்குற தொண்டர்கள் நாங்க. எங்க கருத்தையும் கொஞ்சம் கேளுங்க.

அந்தப் படத்தில இருக்கிறது செண்பகமே இல்லை. அது கம்போஜா, தமிழ்ல ஈழத்தலரி. கிளையை ஒடிச்சா பால் வடியும். அரளிக் குடும்பம், அமெரிக்கக் கண்டத்தில இருந்து வந்த மரம். நம்ம நாட்டில சில இடங்கள்ல அதையும் செம்பாக்கான்னே கூப்பிடுறாங்க. லாவோஸ் நாட்டின் தேசியப் பூவும் இதுதான், அங்கேயும் பேரு 'சம்பா'. பேர் ஒண்ணு, மரம் வேற. கம்போஜாவை நாங்க குறை சொல்லல, அதையும் அம்மனுக்குச் சாத்துறோம். ஆனா அதை வெச்சிட்டு செண்பகம் வெச்சோம்னு சொல்ல முடியாது.

செண்பகம் மக்னோலியா இனம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில அடுக்கின பூக்கள்ல இதுவும் ஒண்ணு. கும்பகோணம் பக்கத்தில திருநாகேஸ்வரம் கோயிலுக்கு இதுதான் தல விருட்சம். சுவாமிக்கே செண்பகாரண்யேசுவரர்னு ஒரு பேர் உண்டு. வெள்ளைச் செண்பகம்னு விக்கிறது இதோட நெருங்கின கலப்பினம். அது பெரும்பாலும் விதை கட்டாது, ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கணும்.

செண்பக வாசத்துக்குப் பாம்பு வரும்னு ஒரு பயம் சொல்றாங்க. பாம்பு பூவைத் தேடி வராது, எலியைத் தேடி வரும். பின்பக்கம் குவிஞ்சு கிடக்கிற பழைய பலகையையும் குப்பையையும் அள்ளினா அந்தப் பயம் தீரும்.

இடநெருக்கடி இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது திருவிழாவுக்கும் சில வெள்ளிக்கிழமைக்கும்தான். அன்னைக்குக் காடியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு நடந்து வரலாம். வயசானவங்களை வாசல்ல இறக்கிவிட நாங்க ஆள் போடுறோம். மரத்தை வெட்டினா, விதையில இருந்து இன்னொண்ணு வளர்ந்து பூக்கப் பல வருஷம் ஆகும்.

தோட்டத்தில பால்மரம் சீவினவங்க, கோயில்னா ஒரு மரத்தடியில கல்லை நட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. கட்டடம் பிறகுதான் வந்துச்சு. தோட்டங்களை வித்து வீடு கட்டினப்போ எத்தனையோ கோயில் இடம் மாறிடுச்சு, மரங்கள் கூட வரல. மிஞ்சி நிக்கிறதை நம்ம கையாலேயே வெட்டணுமா?

நிர்வாகத்தை நாங்க கேட்டுக்கிறது இதுதான்: மரம் நிக்கட்டும். கிளை கழிக்கிறது, சருகு கூட்டுறது எங்க பொறுப்பு. காய் வெடிச்சதும் விதையோட சிவப்புத் தோலை நீக்கி உடனே ஊன்றி, கன்று கேக்கிறவங்களுக்குக் கொடுக்கிறோம். முடிவெடுக்கிற கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. வர்றதுக்கு முன்னால பின்பக்கம் போய் அந்த மரத்தை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.

அம்மன் துணை.